ஜனாஸாவுக்காக அறிவியலைக் காட்டிய நாம், குழந்தைக்காக அதை மறுக்கலாமா?

2023 இன் இறுதிப் பகுதியில் எனது தம்பியின் வீட்டில் இரண்டு குழந்தைகளுக்கு அடுத்தடுத்து சின்னமுத்து வந்தது. மூத்தவளுக்கு மூன்று வயது. இளையவனுக்கு ஏழு மாதம். மூத்தவள் ஒரு வாரத்தில் எழுந்து விளையாடத் தொடங்கிவிட்டாள். இளையவனுக்கு காய்ச்சல் நெஞ்சில் இறங்கி நியூமோனியாவாக மாறியது. பதினொரு நாட்கள் வைத்தியசாலையில் ஒட்சிசனோடு கிடந்தான். அல்ஹம்துலில்லாஹ், உயிர் பிழைத்து வீடு வந்தான்.

வார்டில் வைத்தியர் கேட்ட முதல் கேள்வி, "மூத்த பிள்ளைக்கு எம்.எம்.ஆர். போட்டீங்களா?" என்பதுதான். எனது தம்பி மனைவி பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையின் பொருள் எனக்கு மட்டும்தான் தெரியும். 2021 பெப்ரவரியில், அந்தப் பிள்ளைக்கு ஒன்பது மாத ஊசி போட வேண்டிய நாளில், எமது குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. முஸ்லிம் பிள்ளைகளுக்குப் போடும் ஊசியில் ஏதோ கலக்கிறார்கள் என்றது அந்தக் குரல். பேசியவர் யார், எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பதிவைக் குழுவில் போட்டவன் நான்தான். "கொஞ்சம் பொறுத்துப் போடுவோம், அவசரமில்லை" என்று கீழே எழுதியவனும் நான்தான்.

பொறுத்தோம். பிறகு மறந்தோம். அடுத்த வருடம் பெற்றோல் வரிசை வந்தது, கிளினிக் போக வாகனம் இல்லை என்றோம். மூன்று வயது ஊசியும் கடந்து போனது. இறுதியில் அந்தத் தாமதத்துக்கான விலையை, ஊசி போடும் வயதையே எட்டாத ஏழு மாதக் குழந்தை கட்டியது.

இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன். எங்கள் வீட்டில் நடந்தது எங்கள் வீட்டுக்கு மட்டும் உரியதல்ல.

நாடு இழந்துகொண்டிருப்பது என்ன?

இலங்கையில் விரிவாக்கப்பட்ட நோய்த்தடுப்புத் திட்டம் 1978 இல் தொடங்கப்பட்டது. அதன் பலனை எமது தலைமுறை கண்ணால் கண்டது. கடைசி போலியோ நோயாளி பதிவானது 1993 இல். அதன் பின்னர் பிறந்தவர்களுக்கு போலியோவால் கால் சூம்பிய பிள்ளை எப்படி இருக்கும் என்றே தெரியாது. 2019 ஜூலையில், இந்த நாடு சின்னமுத்தை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. எம்மைவிடப் பல மடங்கு செல்வம் படைத்த நாடுகளே அடையாத நிலை அது.

நான்கு வருடங்களில், 2023 இல், சின்னமுத்து மீண்டும் பரவியது. 2024 ஜனவரியில் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரையான பிள்ளைகளில் ஊசி தவறியவர்களைத் தேடி ஒன்பது மாவட்டங்களில் விசேட தடுப்பூசி நடவடிக்கை ஆரம்பமானது. கொழும்பு, கம்பஹா, களுத்துறை, கண்டி, காலி, மாத்தறை, குருநாகல், யாழ்ப்பாணம் ஆகியவற்றோடு கல்முனையும் அந்தப் பட்டியலில் இருந்தது. அதே வருடம் நவம்பரில் இருபது முதல் முப்பது வயது வரையானவர்களுக்கும் மேலதிக ஊசி வழங்கப்பட்டது.

இதை ஒரு சமூகத்தின் நோயாகக் காட்டுவதற்காக நான் எழுதவில்லை. அப்படிக் காட்ட முனைபவர்கள் எப்போதும் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தீனி போடுவது எனது நோக்கமல்ல. ஆனால் அந்தப் பட்டியலில் எமது மக்கள் செறிந்து வாழும் ஊர்கள் இருக்கின்றன. அடுத்தடுத்த வீடுகள், நிரம்பி வழியும் மத்ரஸா வகுப்புகள், கல்யாணம், பெருநாள் என்று ஒன்றுகூடும் வழக்கம் எல்லாம் எமக்குண்டு. சின்னமுத்துக்கு இதைவிட வசதியான இடம் வேறில்லை.

ஏனென்றால் மனிதன் அறிந்த தொற்றுகளில் மிக வேகமானவற்றில் ஒன்று அது. நோயாளி இருமிவிட்டுப் போன அறையின் காற்றில் இரண்டு மணித்தியாலம் வரை கிருமி உயிரோடு இருக்கும். எதிர்ப்புச் சக்தியற்ற பத்துப் பேர் அருகில் இருந்தால் ஒன்பது பேருக்குத் தொற்றும். உடலில் தழும்பு எழும்ப நான்கு நாட்களுக்கு முன்பே அது பரவத் தொடங்கிவிடும். அதாவது, "பிள்ளைக்குச் சின்னமுத்து" என்று தாய் அறிவதற்குள் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். அதனால்தான் நூறு பேரில் தொண்ணூற்றைந்து பேராவது இரண்டு ஊசிகளையும் பெற்றிருக்க வேண்டும் என்கிறார்கள். எஞ்சிய இடம், ஒன்பது மாதம் ஆகாத சிசுக்களுக்கும், புற்றுநோய் சிகிச்சை பெறும் பிள்ளைகளுக்கும், ஊசியே போட முடியாதவர்களுக்கும் உரியது. அந்த இடத்தை எமது அலட்சியத்தால் நிரப்பினால், அவர்களை நாம் வெளியே தள்ளுகிறோம்.

இது எமக்கு மட்டுமான பிரச்சினையும் அல்ல. எமது உறவினர்கள் பலர் வாழும் கனடா, சின்னமுத்தை ஒழித்த நாடு என்ற தகுதியை 2025 நவம்பரில் இழந்தது. ஒரு விமானப் பயணத் தொலைவில்தான் கிருமி இருக்கிறது.

எமது கோபம் நியாயமானது

குரல் பதிவை நான் ஏன் நம்பினேன்? முட்டாள்தனத்தால் மட்டுமல்ல. அந்த மாதத்தில் சுகாதார அமைச்சு சொன்ன எதையும் நம்பும் மனநிலையில் நான் இல்லை.

2020 இல் இந்த நாட்டில் என்ன நடந்தது என்று எவரும் எமக்கு நினைவூட்டத் தேவையில்லை. கொவிட் ஜனாஸாக்களை எரித்தே ஆக வேண்டும் என்று வர்த்தமானி வந்தது. பிறந்து இருபது நாளேயான பச்சிளங் குழந்தையின் உடலையும் எரித்தார்கள். பொரளை மயான வேலியில் நாம் வெள்ளைத் துணி கட்டி அழுதோம். 2021 பெப்ரவரி இறுதியில்தான் அந்தக் கட்டாயம் நீங்கியது. மார்ச்சில் ஓட்டமாவடியில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. மன்னிப்பு வந்ததால் காயம் ஆறிவிடாது.

அதற்கு மேல், தரமற்ற இம்யூனோகுளோபியூலின் மருந்துக் கொள்வனவு விவகாரத்தில் சுகாதார அமைச்சராக இருந்தவரே 2024 பெப்ரவரியில் கைதானார். இப்படிப்பட்ட ஓர் அமைச்சின் கையால் எனது பிள்ளைக்கு ஊசியா என்று ஒரு தாய் தயங்கினால், அவளை அறிவிலி என்று ஏசுவது நியாயமல்ல.

ஆனால் ஒரு விடயத்தை நாம் மறந்துவிட்டோம். அன்று அடக்கம் செய்யும் உரிமைக்காக நாம் எதை ஆதாரமாகக் காட்டினோம்? மார்க்கத்தை மட்டும் காட்டவில்லை. கொவிட்டால் இறந்தவர்களைப் பாதுகாப்பாக அடக்கலாம் என்ற உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டலைக் காட்டினோம். நுண்ணுயிரியல், வைரஸ் துறை நிபுணர்களின் கருத்துகளைக் காட்டினோம். "அறிவியலைக் கேளுங்கள்" என்று தொண்டை வற்றக் கத்தினோம். அறிவியலைக் கேட்க மறுத்தவர்கள் அதிகாரத்தில் இருந்தவர்கள். நாம் அதன் பக்கம் நின்றோம்.

அதே ஸ்தாபனமும் அதே துறை நிபுணர்களும் குழந்தைக்குச் சின்னமுத்து ஊசி போடுங்கள் என்கிறார்கள். ஜனாஸாவுக்கு ஏற்றுக்கொண்ட சாட்சியை உயிரோடு இருக்கும் பிள்ளைக்கு ஏற்க மறுப்பது என்ன நியாயம்? அரசின் மீதான எமது வழக்கை நீதிமன்றத்தில், பாராளுமன்றத்தில், வாக்குச்சீட்டில் நடத்துவோம். பிள்ளையின் உடலில் நடத்த வேண்டாம்.

மலட்டுத்தன்மை என்ற பழைய பொய்

எமக்குள் சுற்றும் வதந்திகளில் முதலிடம், ஊசியால் பிள்ளைப் பேறு இல்லாமல் போகும் என்பதற்குத்தான். இந்தப் பொய்யை வேறு எந்தச் சமூகத்தையும் விட நாம் எளிதில் அடையாளம் கண்டிருக்க வேண்டும்.

2018 பெப்ரவரியில் அம்பாறையில் என்ன நடந்தது? முஸ்லிம் கடையில் கொத்து ரொட்டியில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்ற வதந்தியால் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பரிசோதித்தபோது இருந்தது வெறும் மா. 2019 இல் குருநாகல் வைத்தியர் ஷாபி மீது ஆயிரக்கணக்கான பெண்களுக்குக் களவாகக் கருத்தடை செய்தார் என்று பழி சுமத்தினார்கள். அதற்கு ஆதாரம் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களமே நீதிமன்றத்தில் சொன்னது.

அந்தக் கதைகளைக் கேட்டு நாம் என்ன சொன்னோம்? "அப்படி ஒரு மாத்திரையே உலகத்தில் இல்லை, படித்தவர்கள் இதை நம்பலாமா?" என்று கேட்டோம். இன்று அதே கதை ஆளை மட்டும் மாற்றிக்கொண்டு எமது தொலைபேசிக்கு வருகிறது. நாம் அதை அடுத்தவருக்கு அனுப்பி வைக்கிறோம்.

இந்தப் பொய் என்ன செய்யும் என்பதற்கு உலகில் பாடம் உண்டு. 2003 இல் நைஜீரியாவின் கானோ மாநிலத்தில், போலியோ மருந்தில் மலட்டு இரசாயனம் இருக்கிறது என்ற வதந்தியால் தடுப்பு மருந்து நிறுத்தப்பட்டது. 2004 இல், முஸ்லிம் நாடான இந்தோனேசியாவில் தயாரித்த மருந்தைத் தருவித்துத்தான் மீண்டும் தொடங்கினார்கள். அதற்குள் அங்கிருந்து கிளம்பிய கிருமி பல நாடுகளுக்குப் போய்விட்டது. 2005 இல் அதன் வழிவந்த கிருமி இந்தோனேசியாவையே அடைந்து, முந்நூறு அளவிலான குழந்தைகளை முடமாக்கியது. மருந்து கொடுத்துதவிய நாட்டின் பிள்ளைகளே வதந்தியின் விலையைக் கட்டினார்கள்.

முஸ்லிம்களின் சந்தேகத்துக்கு உண்மையான காரணமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 2011 இல் பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் அமெரிக்க உளவுத்துறை ஒரு தடுப்பூசித் திட்டத்தைப் போர்வையாகப் பயன்படுத்தியது. அது பெரும் துரோகம். அதன் பின்னர் எத்தனையோ தாய்மார் கதவை மூடினார்கள். இன்று இயற்கைப் போலியோ கிருமி ஓயாமல் பரவும் நாடுகள் உலகில் இரண்டே இரண்டு: பாகிஸ்தானும் ஆப்கானிஸ்தானும். உளவுத்துறைக்காரனின் பிள்ளை யாரும் அங்கே முடமாகவில்லை.

ஹலாலா, ஹராமா?

அடுத்த கேள்வி நேர்மையானது: சில ஊசிகளில் பன்றியிலிருந்து பெறப்பட்ட ஜெலட்டின் அல்லது நொதியம் சேர்கிறதே? மார்க்கப் பற்றுள்ள ஒருவர் இதைக் கேட்டால் கேலி செய்யக் கூடாது. பதில் சொல்ல வேண்டும்.

உலமாக்கள் இதற்குப் பதில் சொல்லிப் பல வருடங்கள் ஆகின்றன. 1995 இல் குவைத்தின் இஸ்லாமிய மருத்துவ விஞ்ஞான நிறுவனம் கூட்டிய மாநாட்டில், ஒரு பொருள் முற்றாக வேறொன்றாக உருமாறிவிட்டால் அதன் சட்டமும் மாறும் என்ற இஸ்திஹாலா விதியின் அடிப்படையில் ஜெலட்டின் பற்றிய தீர்வு கூறப்பட்டது. ஐரோப்பிய பத்வா பேரவையும் போலியோ மருந்தை அனுமதித்தது. 2018 ஓகஸ்டில் இந்தோனேசிய உலமா சபை சின்னமுத்து-ருபெல்லா ஊசி பற்றி 33 ஆம் இலக்க பத்வாவை வெளியிட்டது. தயாரிப்பில் பன்றிப் பொருள் பயன்பட்டுள்ளது, ஆனால் மாற்று ஊசி கிடைக்கும் வரை நிர்ப்பந்தம் கருதி அது ஆகுமானது என்றது அந்தத் தீர்ப்பு.

மக்கள் பலர் அதன் முதற்பாதியை மட்டும் கேட்டார்கள். ஆச்சே மாகாணத்தில் தடுப்பூசி விகிதம் வீழ்ந்தது. 2022 நவம்பரில் அதே ஆச்சேயில், எந்தத் தடுப்பூசியும் பெறாத ஏழு வயதுச் சிறுவன் போலியோவால் கால் முடமானான். உலமாக்கள் கொடுத்த அனுமதியை அவர்களைப் பின்பற்றும் மக்களே பயன்படுத்தாமல் போனதன் விளைவு அது.

எம்மில் ஹஜ்ஜுக்குச் சென்ற ஒவ்வொருவரும் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டுதான் இஹ்ராம் கட்டினோம். சவூதி அரசு அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. கஃபாவைக் காணும் பயணத்துக்கு ஏற்றுக்கொண்ட ஊசி, பேரப்பிள்ளைக்கு வரும்போது மட்டும் எப்படி ஈமானுக்குப் பழுதாகும்? ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபியின் உம்மத் நாம். அம்மையையும் சின்னமுத்தையும் பிரித்தறிந்து உலகுக்கு எழுதிக் கொடுத்தவர் மருத்துவர் அர்ராஸி. இந்த அறிவு எமக்கு அந்நியமானதல்ல.

பக்கவிளைவு பற்றிய அச்சம்

ஊசிக்குப் பின் காய்ச்சல், வீக்கம், அழுகை வரலாம். மிக அரிதாகக் கடும் ஒவ்வாமை வரலாம். அதற்காகத்தான் ஊசி போட்ட பின் கிளினிக்கில் இருபது நிமிடமளவில் இருக்கச் சொல்கிறார்கள். முன்னர் ஓர் ஊசிக்குக் கடும் ஒவ்வாமை கண்ட பிள்ளை, எதிர்ப்புச் சக்திக் குறைபாடுள்ள பிள்ளை என்றால் கட்டாயம் வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சாதாரணத் தடிமனுக்காக ஊசியைத் தள்ளிப்போடத் தேவையில்லை.

முறைப்பாடு வந்தால் மூடி மறைப்பார்கள் என்பதும் முழு உண்மையல்ல. 2008 இல் ஐந்து நோய்களுக்கான கூட்டு ஊசி இங்கு அறிமுகமானபோது, சில குழந்தைகளின் இறப்புகள் அறிவிக்கப்பட்டன. உடனே அந்த ஊசி நிறுத்தப்பட்டது. நிபுணர்கள் ஆராய்ந்து, இறப்புகளுக்கு ஊசியே காரணம் என்று கொள்ள ஆதாரமில்லை என்ற முடிவுக்கு வந்த பின்னர், 2010 இல்தான் மீண்டும் வந்தது. ஓட்டிசம் பற்றிய கதையோ 1998 இல் பிரித்தானிய சஞ்சிகை ஒன்றில் வந்த ஒரே ஒரு கட்டுரையில் பிறந்தது. அந்தக் கட்டுரை 2010 இல் மீளப் பெறப்பட்டது. எழுதிய வைத்தியரின் பதிவும் நீக்கப்பட்டது. டென்மார்க்கில் ஆறரை இலட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகளை ஆராய்ந்து 2019 இல் வெளியான ஆய்வில் எந்தத் தொடர்பும் காணப்படவில்லை.

ஆறாம் வகுப்பு மாணவிகளுக்கு 2017 முதல் வழங்கப்படும் எச்.பி.வி. ஊசி பற்றியும் சொல்ல வேண்டும். எமது பெற்றோர் சிலர் பாடசாலை அனுப்பும் சம்மதப் படிவத்தில் "விருப்பமில்லை" என்று எழுதுகிறார்கள். "எங்கட பிள்ளை ஒழுக்கமான பிள்ளை, இது எதற்கு?" என்கிறார்கள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் ஒழுக்கத்துக்கு வழங்கப்படும் தண்டனையல்ல. அந்தக் கிருமி ஹலாலான திருமண உறவிலும் தொற்றும். நாளை அவளை மணப்பவரின் கடந்த காலத்துக்கு இன்று யார் உத்தரவாதம் தருவது? பிள்ளையின் பாதுகாப்பை அவளது மானத்தோடு போட்டுக் குழப்ப வேண்டாம்.

செய்ய வேண்டியது என்ன?

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இன்றிரவே அலுமாரியிலிருந்து பிள்ளையின் கிளினிக் கார்டை எடுங்கள். பிறப்பில் பி.சி.ஜி., இரண்டு, நான்கு, ஆறு மாதங்களில் கூட்டு ஊசியும் போலியோ மருந்தும், ஒன்பது மாதத்தில் எம்.எம்.ஆர்., ஒரு வயதில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி, பதினெட்டு மாதத்தில் முக்கூட்டு ஊசி, மூன்று வயதில் இரண்டாவது எம்.எம்.ஆர்., ஐந்து வயதில் மீண்டும் ஒன்று, பிறகு பாடசாலையில் போடுபவை. இதில் எந்தக் கட்டமாவது வெறுமையாக இருந்தால் உங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரிடம் போங்கள். தவறியதைப் பிந்தியும் போடலாம், ஆரம்பத்திலிருந்து தொடங்கத் தேவையில்லை. ஒரு சதமும் செலவில்லை. வெள்ளத்திலோ வீடு மாறியதிலோ கார்ட் தொலைந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். வெட்கப்பட்டு ஒதுங்கி நிற்பதுதான் ஆபத்து.

குறிப்பாக மூன்று வயது ஊசி. ஒன்றரை வருடமளவில் கிளினிக் பக்கம் போகாமல் இருந்துவிட்டுத் திரும்பும் ஊசி அது. அதிகம் மறக்கப்படுவதும் அதுவாகத்தான் இருக்கும்.

உலமாக்களுக்கும் பள்ளி நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு ஜும்ஆவில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஊரின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையோ குடும்ப நல உத்தியோகத்தரையோ மத்ரஸாப் பெற்றோரோடு ஒரு நாள் பேச அழையுங்கள். வைத்தியர் சொல்வதைவிடக் கதீப் சொல்வதை எமது மூத்தம்மாமார் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை உங்களிடம் உள்ள அமானிதம்.

சுகாதார அதிகாரிகளிடமும் சொல்ல உண்டு. தமிழ் பேசும் ஊர்களில் சிங்களத்தில் மட்டும் அறிவித்தல் ஒட்டுவதை நிறுத்துங்கள். கேள்வி கேட்கும் தாயை "உங்கட ஆட்கள் இப்படித்தான்" என்று விரட்டாதீர்கள். ஜனாஸா விடயத்தில் உடைந்த நம்பிக்கையை ஒட்டவைக்கும் பொறுப்பு உடைத்தவர்களுக்குத்தான் முதலில் உண்டு.

2024 ஓகஸ்டில் காஸாவில், இருபத்தைந்து வருடங்களுக்குப் பின் முதன்முறையாக ஒரு குழந்தை போலியோவால் முடமானது. பத்து மாதக் குழந்தை. செப்டம்பரில் குண்டுவீச்சு சில மணித்தியாலங்கள் ஓயும் இடைவெளிகளில் அங்குள்ள தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். முதற் சுற்றிலேயே ஐந்தரை இலட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகளுக்கு மருந்து கொடுக்கப்பட்டது. உலகின் எந்த அரசையும் நம்புவதற்குக் காரணமில்லாத மக்கள் அவர்கள். ஆனாலும் பிள்ளைக்குரியதைப் பிள்ளைக்குக் கொடுத்தார்கள்.

எமது ஊரில் கிளினிக் நடந்து போகும் தூரத்தில்தான் இருக்கிறது.

எனது தம்பியின் இளைய மகன் இப்போது ஓடித் திரிகிறான். அவனுக்கு இரண்டு எம்.எம்.ஆர். ஊசிகளும் போட்டாகிவிட்டது. இரண்டாவது ஊசிக்கு அவனைத் தூக்கிக்கொண்டு போனது நான்தான். அன்றிரவு கிளினிக் கார்டைப் படம் பிடித்துக் குடும்பக் குழுவில் போட்டேன். பழைய குரல் பதிவைப் பகிர்ந்த அதே குழுவில். கீழே ஒரு வரி எழுதினேன்: "அன்று நான் அனுப்பியது பொய். அதை நம்பி யாராவது பிந்தியிருந்தால் என்னை மன்னியுங்கள், நாளைக்கே போய்ப் போடுங்கள்."

மூன்று பேர் எனக்குத் தனியாக அழைப்பெடுத்தார்கள். மூன்று வீடுகளிலும் கார்டில் கட்டங்கள் வெறுமையாக இருந்தன.